கடைத்தெருவுக்கு நடந்த வழி: அம்பத்தூர், ஆவடிக் குடியிருப்பு அங்காடிகளின் வரலாறு

ஒரு கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் கடைத்தெருவின் வரலாற்றுக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். பள்ளிக்குச் செல்லும் பாதையும் கடைக்குச் செல்லும் பாதையும் நம் முன்னோர்க்கு ஒரே பாதையாக இருந்தன. ஒன்று அடைபட்டபோது மற்றொன்றும் அடைபட்டது. சிலேட்டுப் பலகை வாங்குவதற்கும் உப்பு வாங்குவதற்கும் ஊர்த்தெருவைக் கடந்தாக வேண்டும் என்றிருந்த காலத்தை அறிந்தோர் இவ்வினாவை எழுப்பார். சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, முகப்பேர், பூவிருந்தவல்லி ஆகிய பகுதிகளில் கடந்த எழுபது ஆண்டுகளாகத் திட்டமிட்டு எழுப்பப்பெற்ற குடியிருப்புகள் பல. அவற்றில், வீட்டிலிருந்து கால்நடையாகச் சென்று வாங்கத்தக்க தொலைவில் சிறு அங்காடிகள் எவ்வாறு தோன்றின, அவற்றால் நம் மக்கள் பெற்றது யாது, பெறாதது யாது என்பதை ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

வீட்டுக்கும் கடைக்கும் இடையிலுள்ள தொலைவைப் பற்றி நகரமைப்பு வல்லுநர் நிரம்பப் பேசியுள்ளனர். அமெரிக்க நாட்டினரான கிளாரன்ஸ் பெர்ரி என்பார் 1929-இல் நியூயார்க் வட்டாரத் திட்டத்திற்காக ஒரு குடியிருப்பு முறையை வகுத்தளித்தார். நடுவே ஒரு தொடக்கப் பள்ளி. அதனைச் சுற்றிக் கால் மைல் அளவுக்குள் ஐயாயிரம் முதல் ஒன்பதாயிரம் மக்கள். பெருஞ்சாலைகள் எல்லையோடு நின்றுவிட வேண்டும். அச்சாலைகள் சந்திக்கும் மூலைகளில் கடைகள். எவ்வீட்டினின்றும் சில நிமிட நடையில் பள்ளியையும் கடையையும் அடையலாம் என்பது அதன் கருத்து. விடுதலைக்குப் பின் நம் நாட்டில் எழுந்த சண்டிகர் முதலிய புதுநகரங்களும், வீட்டுவசதி வாரியங்கள் கட்டிய குடியிருப்புகளும் இம்முறையை ஏதேனும் ஒரு வடிவில் ஏற்றுக்கொண்டன. சண்டிகரில் ஒவ்வொரு பிரிவினூடும் ஒரு கடைத்தெரு ஓடுமாறு வரைந்தமை இதற்குச் சான்று.

பெர்ரி கண்ட இடையூறு மோட்டார் வண்டி. சாலையைக் கடக்கும் சிறுவன் அடிபடுவானே என்பது அவர் கவலை. நம் செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்களில், அதே காலத்தில், சேரிக்கும் ஊர்த்தெருவிலிருந்த மளிகைக் கடைக்கும் இடையே கால் மைல்கூட இராது. அத்தொலைவுக்குக் 'கூப்பிடு தூரம்' என்று பெயர். நடவுக்கும் அறுவடைக்கும் பறையறைவதற்கும் கூப்பிட அது அண்மை. கூலி நெல்லோடு நடந்துபோய் எண்ணெய் வாங்க அது சேய்மை. கடைக்கு எட்ட நின்று, காசைத் தரையில் வைத்து, பொருளைத் துணியில் ஏந்திச் சென்ற வழக்கத்தைப் பாட்டன்மார் கூறக் கேட்டோர் இன்றும் நம்மிடையே உளர். நகரமைப்போர் வரையும் படத்தில் தொலைவு தெரியும். இத்தகைய தடை தெரியாது.

ஆகவே நம் பகுதி அங்காடிகளின் வரலாறு, கட்டடங்களிலிருந்து தொடங்காமல் சட்டமன்றத்திலிருந்து தொடங்குகிறது. செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எவ்வகுப்பினரும் நடக்கலாம்; பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொதுவிடம் ஆகியவற்றை எவரும் அணுகலாம் என்பது அதன் சாரம். அவ்வாண்டே அஃது அரசாணையாயிற்று. தெருவில் நடப்பதற்கு ஓர் அரசாணை வேண்டியிருந்தது என்பதை நம் இளைஞர்கள் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். பரங்கிமலையில் பிறந்த எம். சி. ராஜா அவர்களின் முயற்சியால் 1938-இல் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது.

இங்கு இன்னொருவரையும் நினைத்தல் தகும். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார். பெர்ரியின் திட்டம் வெளியான அதே ஆண்டு! இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவராக அவர் இருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்றிச் செல்ல மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். தியாகராய நகரில் அவர் பெயரால் அமைந்த அங்காடியே பாண்டிபசார் என மருவி வழங்குகிறது. 2019-இல் அத்தெரு நடப்போர்க்கு ஏற்ற அகன்ற நடைபாதைகளோடு திருத்தி அமைக்கப்பட்டது. அங்கே உலவுவோருள் எத்தனை பேர் அப்பெயருக்குரியவரை அறிவரோ, அறியோம்.

அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் கூறு, சாதி முதலியவற்றின் காரணமாக எக்குடிமகனும் தடுக்கப்படலாகாத இடங்களை அடுக்கிக் கூறுகிறது. அவ்வரிசையில் முதலாவதாக வைக்கப்பெற்ற சொல் 'கடைகள்' என்பதே. கிணறும் குளமும் சாலையும் அதற்குப் பின்னரே வருகின்றன. அண்ணல் அம்பேத்கரின் தலைமையில் அமைந்த வரைவுக் குழு கண்ட சட்டத்தில் கடைக்கு இவ்விடம் கிட்டியது தற்செயல் என்று நாம் கருதவில்லை. பின்னர் 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், பிறர்க்கு விற்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே முறையில் ஒருவருக்கு விற்க மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1976-இல் அது திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது.

அந்த 1955-ஆம் ஆண்டு நம் பகுதிக்குப் பலவகையிலும் திருப்புமுனையாயிற்று. சனவரியில் ஆவடியில் காங்கிரசுப் பேரவை கூடிச் சமதர்மப் பாங்கான சமுதாயம் அமைப்பதெனத் தீர்மானித்தது. சூன் முதல் நாள் மேற்கூறிய தீண்டாமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அக்டோபர் 2-ஆம் நாள் பெரம்பூரில் இரயில்பெட்டித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். பத்தாண்டுகளில், 1965-இல், ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூரில் மிதிவண்டி, டயர்த் தொழிற்சாலைகளும், 1960-களில் சிறுதொழில்களுக்கான பெரிய தொழிற்பேட்டையும் எழுந்தன. ஏரிப்பாசன ஊர்களாயிருந்த பாடி, கொரட்டூர், மண்ணூர்ப்பேட்டை, பட்டரவாக்கம், அத்திப்பட்டு ஆகியவற்றின் வயல்களில் கூலிவேலை செய்தோரின் பிள்ளைகள் சங்கொலி கேட்டு வேலைக்குச் செல்லும் தொழிலாளர் ஆயினர். எல்லோரும் அல்லர், எழுத்தறிந்தோரும், இடஒதுக்கீட்டால் அரசுத் தொழிற்சாலையில் நுழைந்தோருமே.

அரசுத் தொழிற்சாலைக் குடியிருப்புகளில் வீடு ஒதுக்கும்போது பார்த்தவை ஊதியப் படிநிலையும் பணிமூப்பும். படிநிலையும் சாதியும் பெரும்பாலும் இணைந்தே சென்றன என்பது வேறு செய்தி. ஆயினும் ஒரே தெருவில், ஒரே அளவான வீடுகளில், பல சாதியினரும் அடுத்தடுத்து வாழும் நிலை நம் மக்களுக்கு அங்கேதான் முதன்முதலாகக் கிட்டியது. அத்தெருக்களுக்கு நடுவே வரிசைக் கடைகள் எழுந்தன. மளிகை, காய்கறி, பால் நிலையம், மாவு அரைவை, சலவை, மிதிவண்டி பழுது பார்ப்போர், முடிதிருத்தகம், தேநீர்க் கடை, கூட்டுறவுப் பண்டகசாலை, அருகே அஞ்சலகம். காலை வேலைமுறை முடித்து வருவோர் ஒரு வேளையும் மாலை முறையினர் மற்றொரு வேளையும் வருவதால் கடைகள் நாள் முழுதும் ஓய்வின்றி நடந்தன. ஊதிய நாளில் தீர்ப்பதாகக் கணக்குப் புத்தகத்தில் கடன் எழுதப்பட்டது. கடைக்காரர்க்குத் தெரிய வேண்டியது வாங்குவோரின் ஊதிய நாள், குலமன்று.

இவற்றுள் மளிகைக் கடையினும் முடிதிருத்தகமே பெரிய மாற்றம் என்று நாம் சொல்லத் துணிவோம். சிற்றூரில் நம்மவர்க்கு முடிதிருத்த மறுத்ததும், சலவைக்குத் துணி எடுக்க மறுத்ததும், தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்ததும் ஊர்க் கட்டுப்பாட்டின் கூர்மையான படைகளாக இருந்தன; தமிழகத்துச் சில ஊர்களில் இன்றும் இருக்கின்றன. குடியிருப்பு அங்காடியில் நாற்காலி ஒன்றே; வரிசையில் வந்தவர் அமர்ந்தார். அவ்விடத்தில் ஊர்க்கூட்டம் இல்லை. கடைக்காரரும் வேற்றூரிலிருந்து பிழைக்க வந்தவர். வாடிக்கையாளரை விலக்கினால் எதிர்வரிசைக் கடைக்குப் போய்விடுவார். உள்ளத்தில் அன்பு பெருகியதால் நேர்ந்த மாற்றமன்று இது. இடமும் கூலியும் போட்டியும் சட்டமும் ஒருங்கே அமைந்ததால் நேர்ந்தது. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது.

எனினும் பழைய வினா வேறு உடையில் வந்தது. புதிதாகக் குடிவந்தவரிடம் கடை வாயிலில் நின்று, "சொந்த ஊர் எது?" என்று கேட்பர். ஊர்ப்பெயர் சொன்னால், "அங்கே எந்தத் தெரு?" என்பர். அத்தெருப்பெயருக்குள் மறைந்திருக்கும் விடையைத் தேடும் வினா அது என்பதைக் கேட்டவரும் அறிவர், கேட்கப்பட்டவரும் அறிவர். ஆவடியில் இருபது ஆண்டு வாழ்ந்தவரும் இதற்கு உடனே விடை சொல்லாமல் பேச்சை மாற்றியதை நாம் கண்டிருக்கின்றோம்.

தொழிற்சாலைக் குடியிருப்புகளை அடுத்து வந்தவை வீட்டுவசதி வாரியத்தின் நகர்கள். 1961-இல் வாரியம் தோன்றியது. 1968-இல் உலக வணிகப் பொருட்காட்சி நடந்த நடுவக்கரைப் பகுதியில் அண்ணாநகர் எழுந்தது. எழுத்துகளால் பெயரிட்ட தொகுதிகளும் அகன்ற நிழற்சாலைகளுமாக அது வளர்ந்தது. அதற்கும் மேற்கே முகப்பேரின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1977-இல் உலக வங்கியின் கடனுதவியோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. வீடு கட்டிக் கொடுப்பதற்கு மாற்றாக, சாலை, குடிநீர், கழிவுநீர், மின்சாரம் ஆகிய வசதிகளோடு மனையை மட்டும் கொடுத்து, வீட்டை மெல்ல மெல்ல மக்களே கட்டிக்கொள்ள விடுவது அதன் முறை. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகியவை முதற்கட்டம். முகப்பேர் அடுத்த கட்டம்.

அத்திட்டத்தின் பொருளியல் கவனித்தற்குரியது. பெருஞ்சாலை ஓரத்து மனைகளும் கடைகளுக்கென ஒதுக்கிய மனைகளும் சந்தை விலைக்கு விற்கப்பட்டன. அவ்வாறு மிகுந்த பணத்தால், ஏறக்குறைய ஒரு சென்ட் அளவுள்ள சிறு மனைகளின் விலை குறைக்கப்பட்டு, வருவாய் குறைந்தோர்க்குத் தவணையில் கிடைத்தது. அதாவது, கடைமனை வாங்கியவர் கொடுத்த பணம் ஏழையின் வீட்டுமனையைத் தாங்கியது. இஃது அறிவார்ந்த ஏற்பாடு. இதனால் நம்மவருள் பலர் சென்னைக்குள் சொந்த மனை பெற்றனர் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் இதே ஏற்பாட்டால் ஒன்று முன்கூட்டியே முடிவாகிவிட்டது. கையில் முதல் உள்ளவர் கடைக்காரர், இல்லாதவர் வாடிக்கையாளர். தெருவில் நடக்கும் உரிமைக்குப் போராடியவர்களின் பேரர்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது, கல்லாப்பெட்டியின் பின்னிருந்த நாற்காலிகள் ஏலத்தில் போய்விட்டிருந்தன.

வரைபடம் அத்தோடு முடிந்தாலும் மக்கள் அத்தோடு நிற்கவில்லை. ஒரு சென்ட் மனையில் வீடு கட்டியோர் சில ஆண்டுகளில் தெருப்பக்கச் சுவரைத் திறந்து ஒரு பலகையைப் பொருத்தினர். இட்லி, துணி தேய்த்தல், தையல், காய்கறிக் கூறு, பின்னாளில் தொலைபேசி நிலையம், ஒளிப்படி எடுக்கும் கடை. திட்டமிட்டோர் குடியிருப்பு என்று குறித்த தெருக்கள் இவ்வாறு கடைத்தெருக்களாயின. மேலிருந்து பார்ப்போர் இதை விதிமீறல் என்றனர். மனைகள் நிரம்பக் காலம் பிடித்ததைக் கண்டு திட்டமே தோல்வி என்றும் ஒருகால் பேசினர். இரண்டு பத்தாண்டுகள் கழித்து இக்குடியிருப்புகளை மீண்டும் கண்டு 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, சென்னையிலும் மும்பையிலும் இவை உயிர்ப்புள்ள, பலவகை வருவாயினரும் கலந்து வாழும், வீடும் கடையும் இணைந்த பகுதிகளாக வளர்ந்துள்ளன என்று கூறியது. அச்சிறு பலகைக் கடைகளை நடத்தியோர் பெரும்பாலும் பெண்கள் என்பதை நாம் சேர்த்துக்கொள்கின்றோம். அவர்களுள் பலரின் பிள்ளைகளே நம் மாலை வகுப்புகளில் பயின்றவர்கள்.

முதல் என்பது வானத்திலிருந்து வருவதன்று. நம் பகுதிக் கடைத்தெருக்களில் நிலைபெற்ற தென்மாவட்ட நாடார் வணிகரின் வரலாற்றை இங்கு நினைவுகூர்தல் பயன்தரும். அவர்களும் ஒரு காலத்தில் கோயிலுக்குள்ளும் சில தெருக்களிலும் நுழைய மறுக்கப்பட்டவர்களே. வணிகத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகை என்று 'மகமை' ஒதுக்கி, அப்பொது நிதியால் 1880-களில் விருதுநகரில் பள்ளி நிறுவினர். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கினர். கடை பள்ளியை வளர்த்தது. பள்ளி கடையை வளர்த்தது. நம்மிடம் மகமை எடுக்கக் கடை இல்லை. பள்ளியை மட்டும் பற்றிக்கொண்டு ஏறினோம். அதனால் நம்மிடையே ஆசிரியரும் எழுத்தரும் தொழில்நுட்பரும் பெருகினர், வணிகர் பெருகவில்லை. 1974-இல் தோன்றிய தாட்கோ நிறுவனம் தொழில் தொடங்க மானியக் கடன் வழங்கி வருகிறது. கடன் கிடைத்தும், கடனுக்குச் சரக்குத் தர மொத்த வணிகரிடையே உறவு இன்மையால் தவித்த இளைஞர்களை நாம் அறிவோம். மாமனும் மச்சானும் கொத்தவால் சாவடியில் இருந்தவர்க்கு அது சிக்கலாகவே தோன்றியிராது.

'காலனி' என்னும் சொல்லைப் பற்றியும் ஒரு சொல். நம் பகுதியில் தொழிற்சாலைக் குடியிருப்பும் காலனி; அங்கே வாழ்வது பெருமை. அரசு ஆதிதிராவிடர்க்கு மனை வழங்கிய இடமும் காலனி. சிற்றூரில் அச்சொல் சேரி என்பதன் மறுபெயராயிற்று. ஒரே சொல், பேருந்தின் ஒரு நிறுத்தத்தில் உயர்வாகவும் மூன்று நிறுத்தம் தள்ளி இழிவாகவும் ஒலித்தது. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், இச்சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என அறிவித்தார். வரவேற்கின்றோம். ஆயினும் இவ்விருவகைக் காலனிகளையும் பிரித்தறிய வேறோர் எளிய வழி உண்டு. முன்னதற்குள் கடைவரிசை இருந்தது. பின்னதில் வீடுகளை மட்டும் வரைந்தனர். நியாயவிலைக் கடையையும் ஊர்ப்பக்கத்தில் வைத்தனர். நம்மவர் ஊர்கள் பலவற்றில் எழுப்பிய கோரிக்கைகளுள் நியாயவிலைக் கடையை எங்கள் பக்கம் வையுங்கள் என்பதும் ஒன்று.

அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-இல் தானே மாநகராட்சியாயிற்று. பேரங்காடிகளும், கைப்பேசியில் கேட்டால் வீட்டுக்கு வரும் சரக்கும் பெருகின. நடைத்தொலைவுக் கடைக்கு இனி வேலையில்லை என்று பலர் எண்ணியிருந்தபோது 2020 வந்தது. நோய்த்தொற்றுக் காலத்தில், அவ்வாண்டு சூன் திங்கள் முழு அடைப்பின்போது, சென்னையில் மக்கள் இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்து சென்றே பொருள் வாங்க வேண்டும், வண்டி எடுக்கலாகாது என அரசு ஆணையிட்டது. அந்நாள்களில் பெர்ரியின் கணக்கும் பலகைக் கடைகளும் ஒருசேர மெய்ப்பட்டன. 1996-இல் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு வந்த மொத்த அங்காடி 2020 மே திங்களில் மூடப்பட்டு, காய்கறி வணிகம் பூவிருந்தவல்லிக்கு அப்பாலுள்ள திருமழிசைக்கு மாறியது, செப்டம்பரில்தான் மீண்டது. அவ்விடைக்காலத்தில் விடியுமுன் திருமழிசைச் சேற்றில் நின்று கூடை நிரப்பி, அம்பத்தூர், ஆவடித் தெருக்களில் நடந்து விற்றோருள் நம் தெருப் பெண்களும் இருந்தனர். வீட்டுக்குள் இருந்தோர் அன்று அவர்களிடம் எந்தத் தெரு என்று கேட்கவில்லை.

அப்பெண்களின் நிலை பற்றியே இனிப் பேச வேண்டியுள்ளது. 2014-ஆம் ஆண்டுத் தெரு வணிகர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒவ்வோர் உள்ளாட்சியிலும் நகர விற்பனைக் குழு அமைதல் வேண்டும். அதன் உறுப்பினருள் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாதோர் தெரு வணிகர்களாக இருத்தல் வேண்டும். அவருள் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் உரிய இடமும் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் வணிகரைக் கணக்கெடுத்து விற்பனைச் சான்றிதழ் வழங்குதல் வேண்டும். கணக்கெடுப்பும் சான்றிதழும் முடியுமுன் எவரையும் அப்புறப்படுத்தலாகாது. கணக்கெடுப்போர் வரும் நாளில் கூடையின் பின் அமர்ந்திருப்பவர் பெயரே ஏட்டில் ஏறும் என்பதால், அன்று பிள்ளையை அமர்த்திவிட்டு வேறு வேலைக்குச் செல்லாதிருக்குமாறு நம் தெருக்களில் சொல்லி வருகின்றோம். படிவத்தை நிரப்ப உதவி வேண்டுவோர், ஆதார் அட்டையும் விற்குமிடத்தில் எடுத்த ஒளிப்படமும் கொண்டு, ஞாயிறு காலையில் நம் சங்க நூலகத்துக்கு வரலாம்.